சீப்பில் வந்த முடி

சாயப்பட்டறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான் என்பது இதைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கலர் ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று லாட் லாட்டாகத் திருப்பி அனுப்பிய வியாபாரிகளைப் பற்றி நிறையப் புலம்பியிருக்கிறேன். இன்றைக்கு நானே கெடுத்த ஒரு லாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்த லாட் என் வீட்டுக்காரியின் தலைமுடி.

எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. போட்டோ மட்டும் போட்டுறாதீங்க" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1979ல். அப்போது அவளுக்குப் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். 1988ல் அவள் தம்பி கல்யாணத்தில் இணைச்சீர்காரியாக நின்றபோது, பின்னலில் வைத்த பூவே ஒரு கூடை இருக்கும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சிக்கு அந்தச் சீரில் என்ன மரியாதை என்று. அன்றைக்கு எடுத்த போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் இன்னும் மாட்டியிருக்கிறது.

2001 வாக்கில் அவளுக்கு நெற்றியோரம் நரைத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாயப் பொட்டலம் வாங்கி வந்தவன் நான்தான். ஊருக்கெல்லாம் சாயம் போடுகிறவன் பெண்டாட்டி நரையோடு போவதா என்று ஒரு வறட்டுக் கௌரவம். கலக்கியதும் நான், பிரஷ்ஷில் தடவியதும் நான். பொட்டலத்தில் 30 நிமிஷம் என்று போட்டிருந்தால் 45 நிமிஷம் வைப்பேன். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும், நல்லாப் பிடிக்கும்" என்பேன். முதலில் பொடி, பிறகு அம்மோனியா நெடியடிக்கும் க்ரீமும் கூடவே ஒரு பாட்டில் பெராக்சைடும். 2011ல் மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பார்லரில் முடியை நேராக்கும் வேலையும் நடந்தது. அதற்கும் காசு கொடுத்தவன் நானே.

இதில் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடப் போனால் ஒன்றேகால் வளரும். அப்படியானால் மாதாமாதம் வேர்ப்பக்கம் புதிதாக வளர்ந்த அந்த அளவுக்குத்தான் சாயம் வேண்டும். நான் என்ன செய்தேன்? மிச்சம் இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று நுனிவரை இழுத்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது நாலு வருஷம். அது 48 தடவை பெராக்சைடில் குளித்திருக்கிறது. ஒரு நூல் கட்டை 48 தடவை ப்ளீச் தொட்டியில் போட்டு எடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? பட்டறைப் பையன் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன்.

2022ல் அவளுக்குக் காதுக்குப் பின்னால் அரிப்பு வந்தது. அடுத்த மாதம் நெற்றியெல்லாம் சிவப்பு. வெயில் என்றோம், புது சோப்பு என்றோம். மூன்றாம் மாதம் காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் இமை வீங்கிக் கிடந்தது. தோல் டாக்டர் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாகப் போட்டு அனுப்பி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் கொப்பளித்துச் சிவந்திருந்தது. பாராஃபினைலின்டயமின். கறுப்பு ஹேர் டை என்று விற்பதில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். இருபது வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தொடக் கூடாது என்றார் டாக்டர். டயமின் என்று கேட்டதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. கையுறை இல்லாமல் ட்ரம்மைத் தொடாதே என்று பையன்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஒன்றும் போடவில்லை. வேரில் வெள்ளை, நடுவில் துருப்பிடித்த நிறம், நுனியில் தென்னந்துடைப்பம். கோயிலுக்குப் போகும்போது முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வழக்கம் கிடையாது. நான் கவனித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கடையில் கறுப்பு மருதாணி என்று கொடுத்தார்கள். "சுத்த மூலிகைங்க" என்றார் கடைக்காரர். நல்ல வேளை, மகள் போனில் கத்தியதால் முதலில் காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தோம். மறுநாள் அந்த இடம் தடித்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தால் அதே டயமின். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மருதாணி தனியாக யார் தலையையும் கறுப்பாக்காது. நரைமுடியில் அதன் நிறம் ஆரஞ்சும் சிவப்பும்தான். ஒரே பொட்டலத்தில் அரை மணியில் கறுப்பு என்றால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறது.

பிறகுதான் நேர்வழிக்கு வந்தேன். முதலில் மருதாணி, அதன்மேல் அவுரி. அவுரியோடு எனக்குப் பழைய பழக்கம். பட்டறையில் இண்டிகோ வாட் தொட்டி இருந்தது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் படப்பட கண்ணெதிரே நீலமாகும். முதன்முதலாகப் பார்த்த அன்று ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். அந்த நீலத்தைக் கரைக்க எங்களுக்கு ஹைட்ரோஸும் காஸ்டிக்கும் வேண்டும். இலைப்பொடிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் இலைக்குள் இருக்கும் சரக்கு பிரிந்து, நிறமில்லாத ஒன்றாக முடிக்குள் இறங்கி, காற்றில் நீலமாகிவிடும். மருதாணிச் சிவப்பின் மேல் அந்த நீலம் உட்கார்ந்தால் பழுப்பும் கறுப்பும். நல்ல அவுரிப்பொடிக்கு நாம் வடக்கே போக வேண்டியதும் இல்லை, திண்டிவனம் பக்கமே விளைகிறது. மருதாணிக்குத்தான் ராஜஸ்தானின் சோஜத்.

இரண்டையும் கரைத்து, இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதே என்ற தைரியத்தில் நேராகத் தலையில் போட்டேன். அலசியதும் வேர்ப்பக்கம் காப்பிக்கொட்டை நிறம். நுனி மட்டும் காக்கைச் சிறகு மாதிரிக் கருநீலம். பரவாயில்லை, அடங்கிவிடும் என்றேன். நாலு தலைக்குளியலில் துண்டெல்லாம் நீலமாகி, நுனி செம்பட்டையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. சிக்கெடுத்தால் கையோடு வந்தது. குளியலறைக்குள் அவள் ரொம்ப நேரம் இருந்தாள். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் அவள் தம்பி பத்திரிகையோடு வந்தான். பையனுக்குத் தை மாதம் கல்யாணம். "அக்கா, நீ முந்தின நாளே வந்தறோணும். மச்சான், நீங்களுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வண்டி தெரு திரும்பியதும் அவள் சொன்னாள்: "நீங்க போயிட்டு வந்துருங்க. எனக்கு முழங்கால் வலிக்குதுங்க."

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரே தொட்டியில் ஒரே நேரம் முக்கிய நூலில் ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கினால் சாயத்தையா குறை சொல்வோம்? நூலைத்தான் பார்ப்போம். சரியாக வேகவில்லை, எண்ணெய்ப் பசை போகவில்லை, ஒரு பக்கம் அடி வாங்கியிருக்கிறது. பருத்தியானால் சாயத்தை ஏற்க அதற்கென்று தயார் செய்ய வேண்டும். காளஹஸ்தியில் கலம்காரி வேலை நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். துணியை அப்படியே வரைய எடுக்க மாட்டார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகுதான் பேனா படும். பாலில் இருக்கும் கொழுப்பு, மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். பட்டும் கம்பளியும் அப்படியில்லை, அவை புரதம்; சாயம் தானாகவே போய் ஒட்டும். முடியும் அந்த ஜாதிதான். கெரட்டின் என்ற புரதம். மருதாணியில் இருக்கும் லாசோன் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் முடியில் நிற்கிறது. அப்படியானால் 48 தடவை பெராக்சைடில் புரதம் அரிபட்டுப் போன நுனியில் அது எதைப் பிடிக்கும்?

காலையில் இதை அவளிடம் சொன்னேன். "அப்ப என் தலைக்கும் எருமைப் பாலுங்களா?" என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் அடித்த முதல் கிண்டல் அது.

இனிமேல் அவள் தலையில் சோதனை செய்வதில்லை என்று முடிவு செய்தேன். தினம் சீப்பில் வரும் முடியைச் சுருட்டி எறியாமல் ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். மூன்று வாரத்தில் போதுமான அளவு சேர்ந்தது. வேர்ப்பக்கம் நாலு விரல் தனியாக, நுனிப்பக்கம் நாலு விரல் தனியாக வெட்டி, வெள்ளை நூலால் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டினேன். வெட்டுமுன் ஒற்றை முடியை நனைத்து இழுத்துப் பார்த்தேன். நல்ல முடி ஈரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீண்டு, விட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். வேர்ப்பக்கம் அப்படித்தான் இருந்தது. நுனி, ரப்பர் பசை மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தது. மேலே மீன் செதில் மாதிரி மூடியிருக்க வேண்டிய ஓடு தேய்ந்துவிட்டது, உள்ளே ஓட்டை. பழைய ஸ்பாஞ்ச் மாதிரி சாயத்தைக் குடிக்கும், அதே வேகத்தில் துப்பும். முதல் நாள் கருநீலம், நாலாம் குளியலில் சாம்பல் என்றால் இதுதான் காரணம்.

ஒரு கட்டை அப்படியே வைத்துக்கொண்டேன். இன்னொன்றுக்கு முட்டை. மற்றொன்றுக்கு ஊறவைத்து அரைத்த வெந்தயமும் தயிரும். நாலாவதற்கு மகள் அனுப்பிய ஒரு க்ரீம்; டப்பாவில் ஹைட்ரலைஸ்டு வீட் புரோட்டீன் என்று எழுதியிருந்தது. கோதுமைப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்தது என்று அர்த்தம். அந்த உடைத்தலில்தான் விஷயமே இருக்கிறது. முட்டையில் இருப்பதும் புரதம்தான், ஆனால் முழு உருவில் அது முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. மேலே படிந்து நிற்கும், அலசினால் போகும். வெந்நீரில் அலசினால் தலையிலேயே முட்டைப் பொரியல். எனக்கு அது நடந்தது, கட்டில்தான், நல்ல வேளை. உடைத்த சின்னத் துண்டுகள் தேய்ந்த இடங்களில் ஒட்டி, கொஞ்சம் உள்ளேயும் போய் அடைக்கும்.

எல்லாக் கட்டுகளுக்கும் ஒரே மருதாணி, ஒரே அவுரி, ஒரே நேரம். பிறகு சீயக்காய்த் தண்ணீரில் பத்து தடவை அலசினேன். சும்மா விட்ட நுனி மறுபடியும் சாம்பலானது. முட்டை போட்டது திட்டுத் திட்டாக வந்தது. சரியாகப் போகாத இடத்தில் சாயம் ஏறவேயில்லை. வெந்தயக் கட்டு தொட்டால் வழுவழுவென்று அருமையாக இருந்தது, ஆனால் நிறத்தில் சும்மா விட்டதுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. (வெந்தயத்தை விட்டுவிடாதீர்கள். சிக்கெடுக்க அதுபோல் இல்லை.) உடைத்த புரதம் போட்ட நுனி, முதல் நாளே அவ்வளவு கறுக்கவில்லை. வேர்ப்பக்கத்தை ஒட்டிய பழுப்பு. பத்து அலசலுக்குப் பிறகும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

சந்தோஷத்தில் அதையே இரண்டு பங்காகப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து இன்னொரு கட்டு செய்தேன், புத்தி போகுமா? காய்ந்ததும் விளக்குமாற்றுக் குச்சி. மேலே பூச்சு கட்டியதால் மருதாணியும் சரியாக ஏறவில்லை. டப்பாவில் 20 நிமிஷம் என்றால் 20 நிமிஷம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முடிக்கு உயிர் கிடையாது. தேய்ந்தது திரும்ப வளர்ந்து மூடாது. புரதம் போடுவது ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி, துவைக்கத் துவைக்க ஒட்டும் போகும். கடைசி ஒரு சாண் ஒட்டுக்கும் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கட்டுகளைக் காட்டினேன், இழுத்தால் அறுவதைக் காட்டினேன். அவள் நுனியை எடுத்துத் தன் விரலில் சுற்றிப் பார்த்தாள். "வெட்டிப்போடுங்க" என்றாள். கத்தரிக்கோலை என் கையில்தான் கொடுத்தாள். வெட்டும்போது என் கை நடுங்கியது. அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேலை தொடங்கினோம். செய்ய நினைப்பவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். முதல் நாள் எண்ணெய்ப்பசை போகத் தலையை அலசி, ஈரம் ஒற்றி, நடுவிலிருந்து நுனிவரை மட்டும் அந்தப் புரதக் க்ரீம். புதிதாக வளர்ந்த வேர்ப்பக்கத்துக்கு அது தேவையில்லை. 20 நிமிஷம், பிறகு சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசல். எண்ணெய் கூடாது. ஒருநாள் விட்டு மருதாணி. தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும் முடிக்கு 150 கிராம் எடுத்தேன், ஒரு எலுமிச்சம்பழச் சாறும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் குழைத்து, இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் போட்டு இரண்டரை மணி நேரம். அலசி, ஈரம் போனதும் அவுரி. அவுரியை முன்கூட்டிக் கரைக்கவே கூடாது, எலுமிச்சையும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரத்துக்குள் கைவேலை ஆரம்பமாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் வைத்து, வெறும் தண்ணீரில் அலசல். முதல் நாள் பச்சை கலந்த மாதிரித் தெரிந்தால் பயப்படாதீர்கள், இரண்டு நாள் காற்றில் முதிரும். அதுவரை ஷாம்பு வேண்டாம். மருதாணியே முடியை விறைப்பாக்கும் என்பதால் அந்த வாரம் திரும்பப் புரதம் போடவும் வேண்டாம். இலைதானே என்று அலட்சியமும் வேண்டாம். மருதாணிக்கும் அவுரிக்கும் தனித்தனியாகக் கையில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போனோம்.

மூன்றாம் நாள் காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பட்டறையில் சாம்பிள் பார்ப்பது வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில்தான், பழக்கம் விடாது. கறுப்பு இல்லை. நல்ல அடர்ந்த பழுப்பு, நிழலில் கறுப்பு மாதிரி. வேரிலிருந்து நுனிவரை கிட்டத்தட்ட ஒரே ஷேட். கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "பரவால்லைங்க" என்றாள். அவளிடம் பரவால்லை வாங்குவது வியாபாரியிடம் பாஸ் வாங்குவதைவிடக் கஷ்டம்.

முந்தின நாளே போய்விட்டோம். முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லை. மாப்பிள்ளையின் தங்கச்சி இணைச்சீருக்கு நின்றபோது, அந்தப் பெண்ணுக்குச் சேலை மடிப்பு எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, முன்வரிசையில் அத்தை நின்றாள். கொண்டையில் இரண்டு முழம் மல்லிகை. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் சீரைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "அடுத்த தடவை நெத்தியோரம் மட்டும் விட்டுருங்க. வெள்ளையாவே இருக்கட்டும். நீங்க மாசாமாசம் கிண்ணத்தோட நிக்கறது எனக்கும் சலிச்சுப் போச்சுங்க."

"நான் என்ன, சும்மாதானே இருக்கிறேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வாரம் பீரோவை ஒழுங்குபண்ணும்போது ஒரு அட்டையைக் கையில் எடுத்து வந்தாள். அந்த முடிக் கட்டுகளை வரிசையாக ஒட்டி, பட்டறை வழக்கப்படி நம்பரும் தேதியும் போட்டு வைத்திருந்த ஷேட் கார்டு.

"ஏனுங்க, இதைப் போயி வெச்சிருக்கறீங்க?"

"பின்னால் வேண்டியிருக்கும்" என்றேன். அவள் நாலாம் நம்பர் கட்டைத் தன் பின்னலோடு வைத்துப் பார்த்துவிட்டு, அட்டையைத் திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்தாள்.